பிரம்மோஸ் ஏவுகணையின் 1/72 ரெசின் மாதிரி: ஜார்ஜ்டவுன் கடையில்

நீளம் துல்லியம்: அசல் 8.4 மீட்டர், மாதிரி 117 மி.மீ. கோட்டை விட்டது மூக்கில்தான். ஏவியதும் மூக்கு மூடியின் சிறு உந்திகள் ஏவுகணையை இலக்கின் பக்கம் சாய்க்கும். பிறகு மூடி கழன்று, ராம்ஜெட்டின் (எதிர்வரும் காற்றை அழுத்தி எரிபொருளை எரிக்கும் இயந்திரம்) காற்றுத் துளை திறக்கும். இந்த மாதிரியில் மூடியும் காற்றுத் துளையின் உள்கூம்பும் ஒரே வார்ப்பு. பறக்கும் நிலை வேண்டுமென்றால் மூடியை அறுத்து, 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, கூம்பைத் தனியே செய்து ஒட்டுங்கள். துடுப்புகள் மெல்லியவை. வெந்நீரில் நனைத்த பிறகே தாங்குகுச்சிகளை வெட்டுங்கள், இல்லையேல் முறியும்.

கையேடு வேகத்தை மட்டும் சொல்கிறது, பயனைச் சொல்லவில்லை. பெரிய குறை இது! அலைகளுக்கு 10 மீட்டர் மேலே வரும் ஏவுகணையை, கப்பலில் 20 மீட்டர் உயரத்தில் உள்ள ரேடார், பூமியின் வளைவால், சுமார் 31 கிலோமீட்டரில்தான் காணும். நம் கடற்படையின் எக்சோசெட் (ஒலியை விடச் சற்று மெதுவான கப்பல் எதிர்ப்பு ஏவுகணை) அந்தத் தூரத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும், பிரம்மோஸுக்கு மேக் 2.3 (ஒலியின் 2.3 மடங்கு) வேகத்தில் 40 வினாடிதான்.