வான்கோ அரங்கா, மெய்நிகர் கண்ணாடியா, தொட்டால் உதிரும் பூக்களா?

வான்கோவின் 'விண்மீன்கள் நிறைந்த இரவு' ஓவியம் 74 சென்டிமீட்டர் உயரத்தைக்கூட எட்டாது. அகலம் 92 சென்டிமீட்டர். ஒருவர் இரு கைகளில் ஏந்திக்கொண்டு நடந்துவிடலாம். 1941 முதல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிறிய கித்தான், இப்போது ஊர் ஊராகப் பெரும் அரங்குகளின் சுவரிலும் தரையிலும் இசையோடு சுழன்றுகொண்டிருக்கிறது. பார்த்துவிட்டு வருகிறவர்கள், ஓவியத்துக்குள்ளேயே போய் வந்தோம் என்கிறார்கள்.

உண்மையிலேயே உள்ளே போனோமா? கலைக்குள் நம்மை அமிழ்த்துவதாகச் சொல்லும் தொழில்நுட்பம் இன்று மூன்று வழிகளில் வருகிறது. பழைய ஓவியத்தைச் சுவரெங்கும் ஒளியாகப் பாய்ச்சும் அரங்கு ஒன்று. கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் (VR) கண்ணாடி இன்னொன்று. மூன்றாவது, கணினியிலேயே பிறந்து, பார்வையாளரின் அசைவுக்கு அசையும் கலை. மூன்றையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன்: கித்தானும் வெறுங்கண்ணும் தர முடியாத எதை இது தருகிறது?

ஒளி அரங்குகளுக்கு முன்மாதிரி பிரான்ஸில் இருக்கிறது. லே போ தெ ப்ரோவான்ஸ் என்ற சிற்றூரில் பழைய கல் குவாரியொன்றின் உட்சுவர்களே திரையாகி, 2012 முதல் அங்கே ஓவியக் காட்சிகள் நடக்கின்றன. அதை நடத்தும் நிறுவனமே 2018 ஏப்ரலில் பாரிஸில் ஒரு பழைய உலோக வார்ப்பாலையை 'அத்தலியே தெ லுமியேர்' என்ற அரங்காக மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட ப்ரொஜெக்டர்கள், பத்து மீட்டர் உயரச் சுவர்கள். முதல் ஆண்டு ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட், மறு ஆண்டு வான்கோ. அதன்பின் உலகெங்கும் இப்படிப்பட்ட அரங்குகள் பெருகின. 1890இல் இறந்த வான்கோவின் ஓவியங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. அசல் ஓவியம் வரப்போவதில்லை என்பதால் காப்பீடு வேண்டாம், ஈரப்பதக் கட்டுப்பாடு வேண்டாம், இரவுக் காவலும் வேண்டாம். கோப்புகளும் கருவிகளும் இருந்தால் காட்சியைத் தொடங்கிவிடலாம்.

வணிக வளாகமொன்றில் நடந்த அப்படியொரு காட்சிக்கு நானும் போயிருந்தேன். இருட்டில் சூரியகாந்திகள் மலர்ந்தன, காகங்கள் பறந்தன. தரையில் ஓடிய நிறங்களைச் சிறு பிள்ளைகள் துரத்தினார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அருங்காட்சியகத்தில் 'தொடாதே, ஓடாதே' என்று கேட்டே வளரும் பிள்ளைக்கு அது ஒரு விடுதலை. ஆனால் சுவர் அருகே போய்ப் பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. வான்கோ வண்ணத்தைக் குழைத்துத் தடிப்பாக அப்பியவர். அவருடைய வண்ணத்துக்கு மேடும் பள்ளமும் உண்டு, நிழல் உண்டு, தூரிகை மயிர் இழுத்த கோடு உண்டு. சில இடங்களில் இரு தீற்றல்களுக்கு நடுவே வெறும் கித்தான் எட்டிப் பார்க்கும். அருகே போகப் போகக் கூடுதலாகத் தருவது அசல் ஓவியம். இந்த அரங்கில் நேர்மாறு: அருகே போகப் போகக் குறைகிறது. மேலும், அசையாத தீற்றலில் அசைவை உணரவைத்ததுதான் வான்கோவின் சாதனை. வானத்தை இயந்திரமே சுழற்றிவிட்டால் அவர் செய்த வேலை எங்கே போகிறது?

பெரிதாக இருப்பதில் எனக்குப் பகையில்லை. பாரிஸின் ஆரஞ்சரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளம் இரண்டு நீள்வட்டக் கூடங்களில் நம்மைச் சுற்றி வளைந்து நிற்கிறது. ஒவ்வொரு சித்திரமும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், எல்லாம் சேர்ந்து 90 மீட்டருக்கும் அதிகமான நீளம். 1927இல், மோனே இறந்த சில மாதங்களில் திறக்கப்பட்ட கூடங்கள் அவை. கூரை வழியே வரும் பகல் வெளிச்சமே அவற்றுக்கு விளக்கு. அந்த அளவை முடிவு செய்தவர் ஓவியர். வான்கோவை முப்பதடிக்கு இழுத்தவர் வேறு யாரோ.

வட அமெரிக்காவில் வான்கோ காட்சிகளை நடத்திய லைட்ஹவுஸ் இம்மெர்சிவ் நிறுவனம் 2023இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. எனக்கு அதில் வியப்பில்லை. மறுமுறை பார்க்க அங்கே புதிதாக எதுவும் காத்திருப்பதில்லை.

மெய்நிகர் கண்ணாடிக்கு வருவோம். இதன் குறைகள் எல்லோரும் அறிந்தவை. மூக்கை அழுத்தும், சிலருக்குத் தலை சுற்றும், மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பெரும்பாடு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். கூடவே வந்த மகளோ நண்பரோ நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார்கள். இது எனக்குப் பெரிய இழப்பு. படம் பார்ப்பதில் பாதி இன்பம் பக்கத்தில் இருப்பவரிடம் 'அதைப் பார்' என்று காட்டுவதில் இருக்கிறது.

ஆனாலும் உரைகல்லில் இது நன்றாகவே தேறுகிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 2019இல் மோனா லிசாவுக்காக ஏழு நிமிட மெய்நிகர் காட்சி ஒன்றை வைத்தது. குண்டு துளைக்காத கண்ணாடிக்கு அப்பால், கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டிய 77 சென்டிமீட்டர் ஓவியத்தின் முன் ஒருவரைத் தனியே உட்காரவைத்தது அது. 2023இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் இன்னும் துணிந்தது. வான்கோ தம் கடைசி எழுபது நாட்களை ஓவேர் என்ற ஊரில் கழித்தார். அங்கே அவர் பயன்படுத்திய வண்ணத்தட்டு ஒன்று ஓர்சேயில் இருக்கிறது. மெய்நிகர் காட்சியில் பார்வையாளர் எறும்பளவுக்குச் சுருங்கி அந்தத் தட்டின்மேல் பயணம் போகிறார். காய்ந்த வண்ணக் குவியல்கள் மலைகளாகின்றன. ஒளி அரங்கு தொலைத்த அதே மேடு பள்ளத்தை இது தேடிப் பிடித்துவிட்டது!

இந்தத் தொழில்நுட்பம் போகவேண்டிய இன்னொரு திசையும் உண்டு. வான்கோ தம் 'படுக்கையறை' ஓவியத்தின் சுவர்களை வெளிர் ஊதா என்று 1888இல் தம்பிக்குக் கடிதம் எழுதினார். இன்று அவை நீலம். கலவையில் இருந்த சிவப்பு நிறமி வெளிச்சத்தில் வெளிறிவிட்டது. ஆய்வாளர்கள் அந்த ஊதாவைக் கணினியில் மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த அறைக்குள், அந்த ஊதா வெளிச்சத்தில் நிற்கவைக்கும் கண்ணாடி ஒன்று வந்தால் எந்த வரிசையிலும் நிற்பேன்.

மூன்றாவது வழிக்கு வயது அதிகம். 1995இலேயே கனடாவின் ஷார் டேவிஸ் 'ஆஸ்மோஸ்' என்ற படைப்பைக் காட்சிக்கு வைத்தார். தலையில் கருவியோடு, மூச்சை அளக்கும் ஓர் உடுப்பையும் மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். மூச்சை உள்ளிழுத்தால் உடல் மேலே எழும்பும், விட்டால் மெல்ல இறங்கும், சாய்ந்தால் அந்தப் பக்கம் நகரும். மரம், குளம், மண்ணுக்கடியில் வேர் என எல்லாமே பாதி ஒளி ஊடுருவும் உருவங்கள். டேவிஸ் ஓவியர், கடலுக்குள் முக்குளிப்பவரும்கூட. கைப்பிடியைத் திருகி உலகை ஆட்டுவிக்கும் பழக்கத்தை விட்டு, நம் மூச்சையே வழிகாட்டியாக்கினார். மூச்சைக் கவனிப்பது நமக்குப் பழைய பயிற்சி. அதைக் கணினிக் கலைக்குள் அவர் கொண்டுபோனது இன்றும் என்னை நெகிழவைக்கிறது. இதற்கு அசல் என்று வேறொன்று கிடையாது. கருவியை எடுத்துவிட்டால் படைப்பே இல்லை.

டோக்கியோவின் டீம்லேப் என்ற டிஜிட்டல் கலைக் குழு இதே நிலத்தில்தான் நிற்கிறது. 2018இல் அந்நகரின் ஒடைபா பகுதியில் திறந்த அவர்களின் 'பார்டர்லெஸ்' அரங்கு 10,000 சதுர மீட்டர் பரப்பில் இருந்தது. 520 கணினிகள், 470 ப்ரொஜெக்டர்கள் அதை இயக்கின. 2024இல் அது டோக்கியோவிலேயே அசபுதாய் ஹில்ஸுக்கு இடம் மாறியது. கருவிகளை மட்டும் பார்த்தால் இதற்கும் வான்கோ அரங்குக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் அங்கே ஓடுவது முன்பே பதிவு செய்த காட்சி. இங்கே பூக்கள் அந்தந்தக் கணத்தில் கணிக்கப்படுகின்றன. அசையாமல் நின்றால் காலடியில் மலரும், தொட்டால் இதழ் உதிரும். ஓர் அறையின் சித்திரம் மற்றோர் அறைக்குள் நகர்ந்துபோய் அங்குள்ளதோடு கலக்கும். போன கணம் திரும்பி வராது. முன்னால் நிற்கும் அந்நியரின் அசைவும் நாம் பார்க்கும் படத்தை மாற்றுகிறது. மெய்நிகர் கண்ணாடி பறித்த துணையை இது திருப்பித் தருகிறது. செல்பேசியை ஏந்தியே திரியும் கூட்டம் இங்கும் உண்டு என்பது வருத்தம்தான்.

ஆக, கையில் ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் இருந்தால் டீம்லேப் போன்ற அரங்கைத் தேர்ந்தெடுங்கள். நல்ல அருங்காட்சியகம் பக்கத்தில் இருந்து, அங்கே மெய்நிகர் காட்சியும் இருந்தால், முதலில் அசலைப் பார்த்துவிட்டுப் பிறகு கண்ணாடியை மாட்டுங்கள். சிறு பிள்ளைகளோடு ஒரு மாலையைக் கழிக்க வேண்டுமா, வான்கோ அரங்குக்குப் போகலாம். ஓவியம் பார்க்கப் போவதாக மட்டும் எண்ண வேண்டாம்.

சுவரில் ஒளி பாய்ச்சும் அதே கலை தன் முழுத் தகுதியை எட்டும் இடம் ஒன்று உண்டு. அசலை நெருங்கவே கூடாத இடம் அது. சீனாவின் துன்ஹுவாங்கில் 492 குகைகளில் சுவரோவியங்கள் இருக்கின்றன. பரப்பு 45,000 சதுர மீட்டர். பார்க்க வருவோரின் மூச்சுக்காற்றும் ஈரமுமே அவற்றை அரிக்கின்றன. அதனால் 2014இல் குகைகளிலிருந்து தள்ளி ஒரு டிஜிட்டல் மையம் கட்டினார்கள். வருவோர் முதலில் அங்கே குவிமாடத் திரையில் குகைகளின் உட்புறத்தை விரிவாகப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பஸ்ஸில் குகைக்குப் போகிறார்கள். உள்ளே நிற்கும் நேரம் குறைகிறது, பார்த்ததோ கூடுகிறது.

இதைப் படித்த நாளிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலே என் நினைவில் நிற்கிறது. கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளை யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் காட்சி அங்கே இருக்கிறது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. அனுமதி பெற்று நுழைந்தவருக்கும் அந்தச் சுற்று குறுகலானது. முழுச் சுவரையும் ஒரே பார்வையில் காணப் பின்னால் நகர இடம் போதாது. அந்த யானையையும் குதிரையையும் அவற்றின் உண்மையான அளவிலேயே, ஆட்டாமல், இசை சேர்க்காமல், கோயிலுக்கு வெளியே ஓர் இருண்ட கூடத்தில் சுவரில் விழவைத்து, நாம் பத்தடி பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும்.