டிஸ்கார்ட்: பேச நல்லது, சேமிக்க ஆகாது

கேம் குழுக்களின் அரட்டைக்கென்று 2015-இல் வந்த டிஸ்கார்டை இன்னும் அசைக்க முடியாததற்குக் காரணம் அதன் வாய்ஸ் சேனல். இங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, மணியும் அடிப்பதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பட்டியலில் தெரியும். மனமிருந்தால் நுழையலாம், சொல்லாமலும் கிளம்பலாம். ஆடாமல் சும்மா கதை பேசவே பலர் வருவது இதனால்தான்.

ஆனால் முதலில் இருக்கும் அமைப்புகளோடு அப்படியே விட்டால் அந்தக் கதையும் கெடும். விண்டோஸில் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்கார்டையே அல்ல. சவுண்ட் அமைப்பில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்ற பகுதியில், பேச்சு தொடங்கினால் மற்ற ஒலிகளை 80% குறைக்கும் தேர்வு இயல்பாக இருக்கும். யாரோ வாயைத் திறந்ததும் கேம் சத்தம் அமுங்குகிறதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘எதுவும் செய்யாதே’ என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்தது புளூடூத் ஹெட்செட். அதன் மைக்கைத் திறந்ததும் ஹெட்செட் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்குத் தாவிவிடும், கேமின் ஒலி தகரமாகும். இன்புட்டில் தனி யுஎஸ்பி மைக்கையோ லேப்டாப் மைக்கையோ தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டை அவுட்புட்டுக்கு மட்டும் வைத்தால் சரியாகும்.

இரைச்சல் நீக்கத்துக்கு டிஸ்கார்டுக்குள்ளேயே கிறிஸ்ப் என்ற வசதி இருக்கிறது. கீபோர்டு சத்தத்தை நன்றாகவே விழுங்கும். கூடவே சிரிப்பையும் சில நேரம் விழுங்கிவிடும், அதை மன்னிப்பது கஷ்டம். மைக்கோடு வந்த மென்பொருளிலும் இரைச்சல் நீக்கம் ஓடினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகும். இரண்டில் ஒன்றை அணையுங்கள். புஷ் டு டாக், அதாவது பட்டனை அழுத்தியிருக்கும்போது மட்டும் மைக் திறக்கும் முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கேமுக்குள் போனதும் பட்டன் வேலை செய்யவில்லையா? கேம் நிர்வாகி உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் டிஸ்கார்டையும் அதே உரிமையோடு திறக்க வேண்டும். வாக்கியத்தின் கடைசி எழுத்து வெட்டுப்பட்டால் பட்டன் விடும் தாமதத்தை 20 மில்லிசெகண்டிலிருந்து 200 வரை கூட்டுங்கள்.

எதிரொலிக்கு ஒரு குறிப்பு: தன் குரல் தனக்கே திரும்பக் கேட்கிறவர் குற்றவாளி அல்ல. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு மைக்கைத் திறந்து வைத்திருக்கும் வேறொருவரால்தான் அது வரும். ஒவ்வொருவராக மியூட் செய்து பார்த்தால் ஆள் சிக்கிவிடுவார்.

சேனலின் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் ஒலித் தரவின் அளவு, இயல்பில் 64 கேபிபிஎஸ். காசில்லாமல் 96 வரை ஏற்றலாம், பேச்சுக்கு அது வீண். மொபைல் டேட்டாவில் வருகிறவர்களின் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் 40-க்கு இறக்கிப் பாருங்கள். ஒருவர் கத்துகிறார், இன்னொருவர் முணுமுணுக்கிறார் என்றால் பெயரின் மேல் வலது கிளிக் செய்து அவரவர் ஒலியை 0 முதல் 200% வரை உங்கள் பக்கத்துக்கு மட்டும் மாற்றலாம். சண்டை வராமல் காக்கும் வசதி இது.

எழுத்துப் பக்கம் அவ்வளவு சிலாக்கியமில்லை. இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2,000 எழுத்து, ஒரு கோப்புக்கு 10 எம்பி; ஒரு நிமிட கேம் வீடியோ பெரும்பாலும் அதில் அடங்காது. யாரோ அருமையாக எழுதிய வழிகாட்டி ஓர் இரவு அரட்டையில் புதைந்துபோகும், வெளியே கூகுளில் தேடினாலும் கிடைக்காது. அப்படிப்பட்டதை வேறிடத்தில் எழுதி, இணைப்பை மட்டும் சேனலில் ‘பின்’ செய்து நிறுத்திவையுங்கள். பேசுகிறவர்களைத் தவிர டிஸ்கார்டும் கேட்க முடியாத முழு மறையாக்கம் குரலுக்கு 2024 முதல் வரத் தொடங்கியது, எழுத்துக்கு அது இல்லை. கடவுச்சொல், முகவரி எதையும் அங்கே போடாதீர்கள்.

ஆள் சேருமுன் இருபது சேனல் திறக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பதினைந்து பேருக்கு ஒரு வாய்ஸ் சேனல், இரண்டு எழுத்துச் சேனல் தாராளம்; அதற்கு மேல் போனால் எல்லாமே காலியாகத் தெரியும். எல்லோரையும் ஒரே தட்டில் அழைக்கும் ‘எவ்ரிஒன்’ உரிமையைச் சாதாரண உறுப்பினர்களிடமிருந்து முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

குரல் மட்டும் போதும், சர்வரும் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மம்பிள் என்ற குரல் அரட்டை மென்பொருள் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம், தாமதம் குறைவு. சர்வரை வீட்டில் வைத்தால், ரவுட்டரில் 64738 என்ற போர்ட்டை (இணைப்பு நுழையும் வாசல்) டிசிபி, யுடிபி என்ற இரு தரவு அனுப்பும் முறைகளுக்கும் திறக்க வேண்டும். யுடிபி திறக்கவில்லையென்றால் பேச்சு டிசிபி வழியாகப் போய்த் தாமதமாகும்.