29 கிலோ ஸ்பீக்கரைத் தினமும் நகர்த்த: சக்கரமா, ஃபெல்ட்டா, டெஃப்லானா?

எங்கள் ஹால் 11-க்கு 16 அடி. டிவி, சோபா, அம்மாவின் திவான், பையனின் சைக்கிள் எல்லாம் அதற்குள்தான். போன வருடம் அங்கேயே ஒரு ஜோடி ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒவ்வொன்றும் 29 கிலோ, 105 செ.மீ. உயரம், அடிப்பக்கம் 23 செ.மீ. அகலம்.

சுவரோடு சேர்த்து வைத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தில், விழும் ஒவ்வொரு தட்டும் காலி டிரம்மை உதைத்தது போல முழங்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எந்த ஸ்வரத்தில் நடக்கிறது என்பதே தெரியாது. சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தால் எல்லாம் தெளிந்துவிடும். ஆனால் பால்கனிக்குப் போகும் வழி அடைபடும், இரவில் பாய் விரிக்க இடம் இருக்காது. அதனால் சாயங்காலம் முன்னால், படுக்கும் முன் பின்னால் என்று தினமும் இரண்டு தடவை நகர்த்தியே ஆக வேண்டும்.

சுவர் ஏன் இப்படிச் செய்கிறது என்றால், தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரின் முன்பக்கம் மட்டும் போவதில்லை, பின்னாலும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. பக்கத்தில் சுவர் இருந்தால் அது நேர் ஒலியோடு சேர்ந்துகொண்டு பேஸைக் கூட்டுகிறது. மூலையில் வைத்தால் இன்னும் அதிகம். தள்ளி வைத்தாலும் முழுத் தீர்வு கிடையாது. ஸ்பீக்கரின் முகத்துக்கும் பின்சுவருக்கும் 1 மீட்டர் தூரம் இருந்தால், திரும்பி வரும் ஒலி 86 ஹெர்ட்ஸை ஒட்டி நேர் ஒலியைக் குறைக்கும். அந்தத் தூரம் 40 செ.மீ. என்றால் அந்தக் குறைவு 214 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும். ஆக, ஒரு சாண் நகர்ந்தாலும் கேட்பது மாறுகிறது. நகர்த்துவது சுலபமாக இருந்தால் போதாது, திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கவும் வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு பக்கமாகச் சாய்த்து, மூலை மூலையாக ஆட்டி நடக்கவைப்பது. முதுகு வலிக்கும், கால் நட்டு தளரும், அப்புறம் நான் இல்லாதபோது வேறு யாராலும் முடியாது. பீரோவை நகர்த்த அடியில் கோணிப்பையோ பழைய பெட்ஷீட்டோ கொடுத்து இழுப்போமே, அதையும் செய்து பார்த்தேன். நன்றாகவே வழுக்கிக்கொண்டு வருகிறது. வெள்ளையடிக்கும்போது ஒருநாள் நகர்த்த அதுவே போதும். தினமும் அடியில் துணியைச் செருகி எடுப்பது நடக்கிற காரியமில்லை.

பெட்டியில் கூடவே வரும் ஸ்பைக் என்ற கூரான கால்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 29 கிலோவும் நாலு ஊசிமுனையில் இறங்குகிறது. டைல்ஸ் மேல் இழுத்தால் கோடு விழும். அடியில் சின்னக் கிண்ணம் வைத்தால், நகர்த்தும்போது ஸ்பைக் கிண்ணத்தை விட்டு வெளியே குதிக்கும். நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்கும் ஸ்பீக்கருக்கு அது சரி. ஐசோஅகௌஸ்டிக்ஸ் கம்பெனியின் ‘கையா’ (Gaia) போன்ற விலை உயர்ந்த கால்களை ஒரு நண்பர் வீட்டில் ஒரு சாயங்காலம் மட்டும் கேட்டிருக்கிறேன், சத்தம் இறுக்கமாக இருந்தது போலத்தான் பட்டது. ஒருநாள் கேட்டதை வைத்து அதற்குமேல் சொல்ல மாட்டேன். ஆனால் அவை தரையைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் கால்கள், வழுக்குவதற்காகச் செய்தவை அல்ல.

சக்கரத்துக்கு வருகிறேன். ஆசாரியிடம் ஒரு பலகை அறுத்து வாங்கி, பிரேக் வைத்த 50 மி.மீ. காஸ்டர் நாலு பொருத்தினேன். பாரம் ஒரு பிரச்சினையே இல்லை, சக்கரத்துக்கு 7 கிலோ சொச்சம்தான். முதல் வாரம் சொர்க்கம் மாதிரி இருந்தது, ஒரு விரலால் தள்ளினால் போகும். அப்புறம் குறைகள் தெரிய ஆரம்பித்தன. பலகையும் சக்கரமும் சேர்ந்து ஸ்பீக்கரை 8 செ.மீ.க்கு மேல் தூக்கிவிட்டன, உயர்ந்த ஒலி வரும் சின்ன ட்வீட்டர் என் காதுக்கு மேலே போய்விட்டது. பிரேக் போட்டாலும் காஸ்டர் தன் அச்சில் கொஞ்சம் திரும்புவதால், வைத்த இடத்திலிருந்து விரற்கடை அளவு ஆடுகிறது. தலைமுடியும் நூலும் அச்சில் சுற்றிக்கொள்கின்றன. மூன்று மாதத்தில் ஒரு சக்கரம் உருளாமல் தேய ஆரம்பித்தது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஒருநாள் பையன் ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முன்சக்கரம் கம்பள விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. அடிப்பாகம் நின்றது, மேல்பாகம் நிற்கவில்லை. நல்லவேளையாக சோபாவில் சாய்ந்தது. அன்றைக்குச் சாயங்காலமே சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளையோ வயதானவர்களோ இருந்தால் சக்கரம் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

அடுத்தது ஃபெல்ட். நாற்காலிக் காலுக்கு ஒட்டுவோமே, அதே வில்லைதான், கொஞ்சம் பெரியது. விலை மலிவு, சத்தம் இல்லை, உயரம் கூடாது, நின்ற இடத்தில் நிற்கும். முதல் மாதத்தில் யார் கேட்டிருந்தாலும் ஃபெல்ட்டே போதும் என்று சொல்லியிருப்பேன்.

நாலாவது மாதம் டைல்ஸ் மேல் வெயில் சாய்வாக விழுந்த ஒரு காலையில்தான் பார்த்தேன். ஸ்பீக்கர் போய்வரும் வழி முழுக்க மெல்லிய சாம்பல் கோடுகள். எண்ணெய்க் கறை என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. ஸ்பீக்கரைச் சாய்த்து அடியில் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஃபெல்ட் முழுக்க மணல். பால்கனி வழியாகவும் செருப்போடும் வரும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. மெருகேற்றிய விட்ரிஃபைட் டைல்ஸின் பளபளப்பை மங்கவைக்க அது தாராளமாகப் போதும். ஃபெல்ட்டின் இழைகள் அந்த மணலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. 29 கிலோ மேலே உட்கார்ந்து அழுத்த, தினமும் இரண்டு தடவை நான் என் தரையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

இத்தோடு தண்ணீர் வேறு. நம் வீடுகளில் தரையை ஈரத்துணியால் தினமும் துடைக்கிறோம். ஃபெல்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும், பசை இளகும், வில்லை பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வரும். அந்தப் பசையில் இன்னும் கொஞ்சம் மணல் ஒட்டும். ஃபெல்ட்டைத் துடைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது, கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது ஒட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் 29 கிலோவைச் சாய்க்க இன்னொரு ஆள் தேவை. மாதம் ஒருமுறை மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், உண்மையிலேயே மாற்றுவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது மாதமே விட்டுவிட்டேன். எந்த முறை நல்லது என்பதை நகரும் சுகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஆறு மாதம் கழித்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

இப்போது இருப்பது டெஃப்லான் முகம் வைத்த ஸ்லைடர். தோசைக்கல்லில் பூசும் அதே பொருள்தான், இங்கே கெட்டி வில்லையாக வருகிறது. இதில் இழை கிடையாது, தண்ணீரை உறிஞ்சாது, ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். டெஃப்லானும் மிருதுவானதுதான், கூரான மணல் அதிலும் பதியலாம். அதனால் மாதம் ஒருமுறை சாய்த்துத் துடைக்கிறேன். ஆனால் பதிந்தது கண்ணுக்குத் தெரிகிறது, நகத்தால் எடுக்க முடிகிறது. ஏழு மாதமாகிறது, புதுக் கோடு ஒன்றுகூட விழவில்லை. பழைய கோடுகள் அப்படியே இருக்கின்றன, பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

ஒட்டும் வகையை வாங்காதீர்கள், ஸ்க்ரூ போடும் வகையை வாங்குங்கள். ஸ்பீக்கரின் அடியில் நேராக ஸ்க்ரூ போடவும் கூடாது, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை பிளந்துவிடலாம். நான் செய்தது இது. 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து, 35-க்கு 45 செ.மீ. துண்டு இரண்டு. ஸ்பைக் மாட்டும் எம்8 மறை (8 மி.மீ. திருகுத் துளை) ஸ்பீக்கரின் அடியில் ஏற்கெனவே இருக்கிறது. பலகையில் அதே இடங்களில் துளை போட்டு, போல்ட்டின் தலை பலகைக்குள் அமிழ்கிற மாதிரி குழித்து, கீழிருந்து முறுக்கினேன். தலை வெளியே துருத்தினால் அதுவே தரையைக் கீறிவிடும். போல்ட் நீளத்தை ஸ்பைக்கின் மறை நீளத்தோடு, பலகைத் தடிமனில் குழித்தது போக மீதியைக் கூட்டி அளந்துகொள்ளுங்கள், நீளமான போல்ட் பெட்டிக்குள் முட்டும். பலகையின் நாலு மூலையிலும் ஸ்லைடர். ஆசாரி கூலியோடு எனக்கு 1,400 ரூபாய் ஆனது. ஸ்பைக் போய் அந்த இடத்தில் பலகை வந்ததால் ட்வீட்டர் உயரமும் ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது.

அகலமான பலகையால் இன்னொரு லாபம் உண்டு. தள்ளும்போது ஒரு பொருள் வழுக்குமா சாயுமா என்பது, அடிப்பாகத்தில் பாதி அகலத்தை உராய்வுக் கெழுவால் வகுத்தால் தெரியும். ரப்பர் காலுக்கு 0.6 என்று வைத்துக்கொண்டால், 11.5 செ.மீ.யை 0.6-ஆல் வகுக்க 19 செ.மீ. வருகிறது. அந்த உயரத்துக்கு மேலே கைவைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் ஸ்பீக்கர் சாயும், நகராது. டெஃப்லானுக்கு 0.15 என்று தாராளமாகவே வைத்தாலும், என் பலகையில் பாதி அகலம் 17.5, ஆக 117 செ.மீ. வருகிறது. என் ஸ்பீக்கரின் உச்சியே அதற்குக் கீழேதான். சமதரையில் எங்கே கைவைத்துத் தள்ளினாலும் வழுக்கிக்கொண்டுதான் போகும். கம்பள விளிம்பில் முட்டினால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் இடுப்புக்குக் கீழே கைவைத்துத் தள்ளச் சொல்லியிருக்கிறேன், கம்பளத்தையும் அந்த வழியிலிருந்து எடுத்துவிட்டோம்.

ஸ்பைக்கோடு ஒப்பிட்டால் சத்தத்தில் குறை இருக்கிறதா என்று கேட்பார்கள். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் வீட்டில் கேட்டதை மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் கான்கிரீட் தளத்தின் மேல் போட்ட டைல்ஸ். மரத்தளத்தில் வைத்துக் கேட்ட அனுபவம் எனக்கில்லை. ஆத்தங்குடிக் கல்லோ சிவப்பு ஆக்சைடு தரையோ இருந்தால், இரண்டுமே சிமெண்ட்டில் செய்தவை, டைல்ஸை விட மிருது. அங்கே நான் எதையும் வழுக்கவிட மாட்டேன், இரண்டு பேர் தூக்கித்தான் வைப்பேன்.

திரும்ப அதே இடத்தில் நிறுத்த டேப் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. எங்கள் டைல்ஸ் 60-க்கு 60 செ.மீ., பலகையின் முன்மூலை எந்த இணைப்புக் கோட்டில் வர வேண்டும் என்று தெரிந்தால் போதும். ஒயரை மட்டும் ஒன்றரை மீட்டர் கூடுதலாக விட்டு, சுவர்ப் பக்கம் ஒரு கிளிப்பில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பெல்லாம் ஸ்பீக்கரின் டெர்மினலில் வந்து விழும்.

நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டிய அன்று நான் ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், ஒரு ஸ்பீக்கர் திவானுக்குப் பக்கத்திலும் இன்னொன்று சமையலறை வாசல் ஓரத்திலும் நின்றன. அறுபத்தெட்டு வயதில் அம்மா தனியாகவே தள்ளியிருக்கிறார். “இதுக்கு ஏன்டா இத்தனை நாள் ஆளத் தேடின?” என்று கேட்டார்.