மூடியை நெம்பித் திறக்கும் கருவி: வலிக்கிற கைகளுக்கு எப்படி?

கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோன எனக்கு, புதுக் கண்ணாடி பாட்டிலின் உலோக மூடியைத் திருகுவதுதான் சமையலறையில் மிகவும் வலிக்கிற வேலை. இந்தக் கருவியில் திருகவே வேண்டாம். நுனியை மூடியின் விளிம்புக்கு அடியில் கொடுத்து, கைப்பிடியை மெல்லத் தூக்கினால் ‘டப்’ என்று காற்று உள்ளே போய்விடும். மூடியை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் வெற்றிடம்தான், அது போனபிறகு மிச்சத்தை உள்ளங்கையாலேயே திருப்பிவிடலாம். கைப்பிடி தடிமனாக இருப்பது பெரிய நிம்மதி, விரல்களை முழுசாக மடக்க வேண்டியதில்லை. தயங்காமல் வாங்கலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது உதவாது. ஏற்கனவே திறந்த பாட்டிலில் மூடி ஒட்டிக் காய்ந்திருந்தால், வெற்றிடமே இல்லாததால் இதற்கு வேலை இல்லை, அங்கே மூடியை வழுக்காமல் பிடித்துத் திருக ரப்பர் விரிப்புதான் சரி. பாட்டிலுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் அது வழுக்காது. அப்புறம், குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்த மருந்து டப்பா. அழுத்திக்கொண்டே திருக வேண்டும், வலிக்கிற கைக்கு அது கொடுமை. வீட்டுக்குக் குழந்தைகள் வந்துபோவது இல்லையென்றால் மருந்துக் கடையில் சாதாரண மூடி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒட்டி மூடிய உறைகளுக்கு, தானே விரிந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரிக்கோல் நல்லது, தயவுசெய்து பல்லால் கடித்து இழுக்காதீர்கள்.

கையில் பிடிமானமே இல்லாதவர்கள் பட்டனை அழுத்தினால் தானே திருகும் பேட்டரி இயந்திரத்தைப் பார்க்கலாம், விலை கூடுதல்தான், இடமும் அடைக்கும்.