ஊட்டி சீசனா, கொடை சீசனா: எது நீளம்?

குல்மார்கில் பனி விழாவிட்டால் பனிச்சறுக்குக்காரர்களுக்குச் சீசனே இல்லை. நம் மலைகளில் கணக்கு வேறு: மழை எப்போது, கேட் சாவி யார் கையில். எனக்குக் கொடைக்கானலில் சின்னதாக ஒரு காட்டேஜ். மச்சான் ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறார். யாருக்குச் சீசன் நீளம் என்று பத்து வருடமாக எங்களுக்குள் வழக்கு.

வானத்தை மட்டும் பார்த்தால் ஜெயிப்பது நான்தான். தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குச் சரிவில் நேராக மோதும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. பழனி மலைக்கு ஆனைமலை மறைப்பு இருப்பதால் ஜூன், ஜூலை எங்களுக்குக் காற்றும் சாரலுமாகப் போய்விடும். எங்களுக்கு அடை மழை அக்டோபர், நவம்பரில்தான். அப்போது மச்சானுக்கும் நிம்மதி கிடையாது. மண் சரிந்து மேட்டுப்பாளையம் மலை ரயில் ரத்தாகும்.

ஆனால் அவர் பக்கம் தோட்டக்கலைத் துறை இருக்கிறது. 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மே மலர்க்கண்காட்சி முடிந்த கையோடு அடுத்த நாற்றுக்கு ஏற்பாடு நடக்கும். செப்டம்பரில் தொட்டிகள் பூத்து நிற்கும். ஊட்டியின் இரண்டாவது சீசனில் பாதி வானம் கொடுத்ததல்ல, துறை நட்டது. எங்கள் பிரையண்ட் பூங்காவும் அதே துறைதான், ஆனால் ஒரு காலைப்பொழுதில் சுற்றிவிடலாம்.

மற்றபடி தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாம் வனத்துறையிடம். யானை நடமாட்டம் என்றால் பூட்டு. குறை சொல்லவில்லை, யானைக்கு ஏது சீசன்? ஆனால் “அண்ணே, பேரிஜம் ஏரி திறந்திருக்கா?” என்று கேட்பவருக்கு முந்தின நாள் ராத்திரி வரை என்னால் பதில் சொல்ல முடியாது. ஊட்டியிலும் ரெட் அலர்ட் என்றால் தொட்டபெட்டாவை மூடுவார்கள்தான், ஆனால் பெரும்பாலும் பூங்கா என்று ஒன்று கையில் மிச்சம் இருக்கும்.

மச்சானுக்கும் இழப்பு உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை குதிரைப் பந்தயம் நடந்த மைதானம் அரசின் குத்தகை நிலம். 2024இல் குத்தகைப் பாக்கிக்காக அரசு அதை எடுத்துக்கொண்டது. வெயிலும் மழையும் மாறவில்லை, சீசனில் ஒரு துண்டு போனது.

அப்புறம் இரண்டு ஊருக்கும் இ-பாஸ், அதாவது மலையேறும் வண்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் அனுமதி. 2025 கோடையில் நீதிமன்றம் வைத்த வரம்பு நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, கொடைக்கு 4,000.

ஜூலையில் கேட்டால் கொடைக்கு வாருங்கள் என்பேன். செப்டம்பரில் கேட்டால், மனசு வராவிட்டாலும், மச்சான் நம்பரைத்தான் கொடுக்கிறேன்.