ஆய்வேட்டுக்குப் பக்க எண் இட லிப்ரெஆபிஸ் ரைட்டர்: ஒரு மதிப்புரை

முகப்புப் பக்கத்தில் எண்ணே இருக்கக் கூடாது, நன்றியுரையும் பொருளடக்கமும் சிறிய ரோமன் எண்களில் வர வேண்டும், முதல் இயலோ 1 என்று புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதே ஆய்வேடுகளுக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் அமைப்பு. இலவசமாகக் கிடைக்கும் சொற்செயலியான லிப்ரெஆபிஸ் ரைட்டரில் இதைச் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு, முடியும், அதுவும் உறுதியாக நிற்கும்படி முடியும் என்றே சொல்வேன்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆவணத்தை செக்‌ஷன்களாகப் பிரித்து, ஒன்றின் ஃபுட்டர் (பக்க எண் வரும் அடிப்பகுதி) முந்தையதோடு கொண்டுள்ள இணைப்பை மறக்காமல் துண்டிக்க வேண்டும். ரைட்டரில் எண்ணின் வடிவம் பக்கப் பாணியை, அதாவது ஒரு வகைப் பக்கங்களுக்கான அமைப்புகளின் தொகுப்பை (பேஜ் ஸ்டைல்), சார்ந்தது. முன்பகுதிக்கு ஒரு பாணியை உருவாக்கி, அதன் எண் வடிவத்தை i, ii, iii என்று வைத்துவிட்டு, முதல் இயலின் தலைப்புக்கு முன் கர்சரை நிறுத்தி, இன்செர்ட் மெனுவில் மேனுவல் பிரேக்கைத் திறந்து, இயல்களுக்கான பாணியைத் தேர்ந்தெடுத்து, பக்க எண்ணை மாற்று என்ற கட்டத்தில் டிக் செய்து 1 என்று கொடுத்தால் போதும். பிறகு முன்னுரையில் இரண்டு பக்கங்கள் கூடினாலும் இயலின் எண் அசையாது.

பலர் சறுக்குவது, இட்ட பக்க எண்ணைத் திருத்தும் சாளரத்தில் உள்ள ஆஃப்செட் என்ற பெட்டியில்தான். தொடக்க எண்ணை மாற்றும் இடம் அது என்று நினைத்து அங்கே 1 என்று இட்டால், ஒவ்வொரு பக்கமும் அடுத்த பக்கத்தின் எண்ணைக் காட்டும். அடுத்த பக்கம் இல்லாத கடைசிப் பக்கத்தில் எண்ணே மறைந்துவிடும். இவ்வளவு குழப்பம் தரும் பெட்டிக்கு அருகில் ஒரு வரி விளக்கமாவது இருந்திருக்கலாம். இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

இன்னொன்று, ரைட்டர் ஒற்றைப்படை எண்ணை எப்போதும் வலப்பக்கமாகக் கொள்ளும். முன்பகுதி vii-இல் முடிந்து அடுத்தது 1 என்றால், இடையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். இருபுறமும் அச்சிட்டு பைண்டிங் செய்பவர்களுக்கு இது வரம். ஒருபுறம் மட்டும் அச்சிடுபவர்கள், தானாகச் சேரும் வெற்றுப் பக்கங்களை அச்சிடும் தேர்வை நீக்கிவிட வேண்டும். பிடிஎஃப் ஆக மாற்றும்போதும் அதே தேர்வைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2023-இல் வந்த 7.6 பதிப்பு முதல், எண் மேலே வர வேண்டுமா கீழே வர வேண்டுமா, எந்த ஓரத்தில் என்று கேட்டு ஒரே படியில் இட்டுத்தரும் வசதியும் சேர்ந்திருக்கிறது. கடிதம், விண்ணப்பம் போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். ஆய்வேட்டுக்குப் பக்கப் பாணியைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்; அதைத் தட்டச்சு தொடங்கும் முன்பே அமைத்துவிடுங்கள்.