புது பிரேக் டிஸ்க் என்று என் பழைய டிஸ்க்கையே எனக்கு விற்றார்கள்

கராஜின் பெயரைப் போடவில்லை. போட்டால் அந்த இடத்துக்கு மட்டும் போகாமல் விடுவீர்கள். இது அந்த ஒரு கராஜோடு நிற்கிற வித்தை என்று எனக்குத் தோன்றவில்லை.

தை மாதம் என் காரின் முன் இடப்பக்கச் சில்லில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தம். பிரேக் பேட் (சில்லோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) மாற்றுவது எனக்குத் தெரிந்த வேலைதான், ஆனால் சோம்பல். வீட்டுக்குக் கிட்ட இருந்த கராஜில் விட்டேன். பாஸ் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, பேட் மட்டுமில்ல, டிஸ்க்கும் முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் மாத்தினாத்தான் சரி" என்றார். இலங்கையில் 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 மாசியில் திறந்துவிட்டார்கள் என்றாலும், புதுக் கார் நமக்கு எட்டுகிற விலையிலா இருக்கிறது? இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று தலையாட்டினேன். 58,000 ரூபாய். பில்லில் ஒரே வரி: முன் பிரேக் வேலை. பழைய டிஸ்க்குகளைக் கேட்டேன். "அது இரும்புக்காரன் கொண்டு போயிட்டான்."

சித்திரை விடுமுறையில் கண்டி போய்த் திரும்புகையில், கடுகண்ணாவ இறக்கத்தில் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தால் பெடலும் காலுக்கடியில் துடித்தது. கருகிய வாடை வேறு. பின் சீற்றில் அம்மா "முருகா" என்றவர், மாவனல்லை தாண்டும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழே மச்சானும் நானும் உட்கார்ந்தோம். பின் சில்லுகளுக்குச் செங்கல் அண்டை, சில்லு நட்டுகளை நிலத்தில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கடியில் கை வைக்காதீர்கள். பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் பழுதாகும்.

இடப்பக்க உள் பேட் 3 மில்லிமீட்டர், வெளிப் பேட் 8. இரண்டும் ஒரே நாளில் போட்டவை. இப்படி ஒன்று மட்டும் தேய்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது கலிப்பர் நகர்கிற பின்களை, அதாவது அந்தச் சின்ன உலோகத் தண்டுகளை. ஒரு பின் காய்ந்து இறுகியிருந்தது, முறுக்கித்தான் இழுக்க வேண்டியிருந்தது. தை மாதச் சத்தத்துக்கும் அதுதான் காரணமாக இருந்திருக்கும். துடைத்து, ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம் பூசினால் தீர்கிற விஷயம். (சாதாரணக் கிரீஸ் பூசினால் ரப்பர் உப்பி, அந்தப் பின் மறுபடி இறுகும்.)

அப்புறம் டிஸ்க். அதன் விளிம்பிலேயே குறைந்தபட்சத் தடிப்பைப் பொறித்திருப்பார்கள். என்னுடையதில் 20 மில்லிமீட்டர். மச்சானின் மைக்ரோமீட்டர் 19.3 காட்டியது. மூன்று மாதத்தில் புது டிஸ்க் இப்படித் தேயுமா என்று அவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, டிஸ்க்கின் நடுக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி பெயின்ட். அதை நகத்தால் சுரண்டினால் கீழே கடற்காற்றுத் துரு தின்ற குழிகள். அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. மூன்று வருடத்துக்கு முன் இறுகிய டிஸ்க்கைக் கழற்ற நான் சுத்தியலால் தட்டியபோது என் கையால் விழுந்த வெட்டு அது.

இரும்புக்காரன் ஒன்றையும் கொண்டு போகவில்லை. லேத்தில் கடைந்து, பெயின்ட் அடித்து, என் காரிலேயே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக்கூடத் தேய்க்கவில்லை. அங்கே துரு பொருக்காக நின்றால் டிஸ்க் நேராக உட்காராது, சுழலும்போது ஆடும், ஸ்டியரிங் நடுங்கும். மெலிந்த டிஸ்க் இறக்கத்தில் சூட்டையும் தாங்காது.

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். பாஸ், "பாவிச்சா தேயும்தானே தம்பி" என்றார். வெட்டைக் காட்டினேன். அவர் டிஸ்க்கை விட்டுவிட்டு என் செருப்பைப் பார்த்தார். பிறகு, பையன்கள் மாற்றிப் பூட்டியிருப்பார்கள், அடுத்த சேர்விஸ் இலவசம் என்றார். அவர்களிடம் இன்னொரு முறை காரைக் கொடுப்பதா! நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அடிக்க போனை எடுத்தேன். அந்த ஒற்றை வரிப் பில்லில் டிஸ்க் என்ற சொல்லே இல்லை. போனை வைத்தேன். டிஸ்க்கின் பெட்டியைப் பார்க்காமல், பாகம் பாகமாக எழுதிய பில் வாங்காமல் காசு கொடுத்தது நான்தான்.

பஞ்சிகாவத்தையில் இரண்டு கடை ஏறி இறங்கி, பெட்டியைப் பிரித்து அளந்த பிறகே புது டிஸ்க் வாங்கினேன். அதன் மேல் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் பூட்டினோம். பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் எண்ணெய் டாங்கியைக் கவனிக்க மறந்து, வழிந்து, ஃபெண்டரில் பெயின்ட் ஓரிடம் கிளம்பிவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் தப்பியிருக்கும். காரை எடுக்குமுன் பெடலை இறுகும்வரை பலமுறை மிதிக்க மறக்கவில்லை. அதை மறந்தவர்களுக்கு முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், அப்போது முன்னால் சுவர் இருந்தால் தொலைந்தது.

பழைய இரண்டு டிஸ்க்கும் பல்கனியில் கிடக்கின்றன. போன வாரம் பழைய இரும்புக்காரர் வந்து கேட்டார். கொடுக்கவில்லை.